எலுமிச்சம்பழம் தூக்கி எறிந்த டம்பர்

அறுபது டன் எடையுள்ள டம்பர் லாரி ஒன்றை ஓர் எலுமிச்சம்பழம் வானத்தில் தூக்கி எறிந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். சும்மா ஓரடி ஈரடி இல்லை. பனைமர உயரத்துக்குப் போய், அங்கேயே குட்டிக்கரணம் போட்டு, சுரங்கத்தின் அடுத்த குழியில் போய் விழுந்தது. கம்ப்யூட்டர் திரையில்தான், ஆனாலும் விழுந்தது விழுந்ததுதான். ஆபீசில் இருந்த எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நசீர் சார் மட்டும் சிரிக்கவில்லை. "சிரிச்சு முடிச்சுட்டீங்கன்னா இன்னொரு தடவ ஓட்டுங்க. எந்த எடத்துல பொய் சொல்ல ஆரம்பிக்குதுன்னு பாப்போம்" என்றார்.

இதையெல்லாம் எழுதச் சொன்னது, திருச்சி ஆபீசில் கடைசி வருடங்களில் என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள். போன மாதம் போன் செய்தார்கள். "மேடம், இப்பல்லாம் பிசிக்ஸ் எஞ்சின ரெடியா வாங்கி மாட்டிடுறோம். பாதிக் கணக்க மெஷினே கத்துக்கிட்டு யூகிச்சுச் சொல்லிடுது. நீங்கல்லாம் அப்ப என்னதான் பண்ணிட்டு இருந்தீங்க? எழுதிக் குடுங்களேன்" என்றார்கள். கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, காப்பி குடித்ததும் போய்விட்டது. நல்ல பிள்ளைகள், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள்.

பெரம்பலூரில் எங்கள் தெருக்காரர்களுக்கும் இதே சந்தேகம் உண்டு. நான் வீடியோ கேம் கம்பெனியில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும், என் நாத்தனார் பல வருடம் எனக்காக வருத்தப்பட்டாள். "எம்.எஸ்.சி. படிச்சுட்டு வெளையாடப் போறியே, இதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்பாள். பாலிடெக்னிக்கில் பிசிக்ஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், பிள்ளைகளும் வீடும் கொஞ்சம் கைக்கு அடங்கிய பிறகு, முப்பது வயதைத் தாண்டி அந்தச் சின்னக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தேன். காலையில் பெரம்பலூரில் பஸ் ஏறினால் பாடாலூர் தாண்டும்போதே புத்தகத்தைப் பிரித்துவிடுவேன். புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டது பாதி ஆபீசில், பாதி அந்த பஸ்ஸில். படிப்புக் காலத்தைப் பற்றிச் சொல்ல இதற்குமேல் ஒன்றும் இல்லை.

பிசிக்ஸ் எஞ்சின் என்றால் என்ன என்று இப்போதாவது என் நாத்தனாருக்குப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். திரையில் பந்து உருள்கிறது என்றால் உண்மையில் அங்கே எதுவும் உருளவில்லை. கம்ப்யூட்டர் நேரத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி வைத்திருக்கிறது. ஒவ்வொரு துண்டு நேரத்துக்கும் ஒருமுறை நின்று கணக்குப் போடுகிறது. பூமி இழுத்ததில் பந்து எவ்வளவு இறங்கியது, எங்கே நகர்ந்தது, நகர்ந்த இடத்தில் எதன் மேலாவது இடித்ததா, இடித்திருந்தால் எவ்வளவு தள்ளிவிட வேண்டும் என்று பார்த்து, தள்ளிவிட்டு, அடுத்த துண்டுக்குப் போகிறது. யார் யாரை இடிக்கிறார்கள் என்று எல்லாரையும் எல்லாரோடும் ஒப்பிட்டால் விடிந்துவிடும். அதனால் முதலில் ஒவ்வொரு பொருளையும் ஒரு கற்பனைப் பெட்டிக்குள் போட்டு, பெட்டிகள் உரசினால் மட்டும் உள்ளே எட்டிப் பார்க்கும். பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரரைத் தேடும்போது முதலில் எந்த ஊர் பஸ் என்று பார்த்துவிட்டுத்தானே சீட்டு சீட்டாகப் பார்க்கிறோம், அது மாதிரி. அவ்வளவுதான் விஷயம். இந்த அவ்வளவுதானைச் சரியாகச் செய்வதில்தான் என் முடி நரைத்தது.

முதலில் நாங்கள் செய்தது ஒரு லாரி விளையாட்டு. செல்போனில் ஆடுவது. சின்ன வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, ஒன்றுகூட விழாமல் மலைப்பாதையில் ஓட்டிப்போய்ச் சேர்க்க வேண்டும். வெங்காயம் என் யோசனை. பெரம்பலூர்க்காரி வேறு எதை ஏற்றுவாள்? அடுக்கிய மூட்டைகள் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை. லாரி நின்றுகொண்டிருக்கும், மேலே மூட்டைகள் குளிர் ஜுரம் வந்ததுபோல நடுங்கிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகத் தானே நகர்ந்து விழுந்துவிடும். மேல் மூட்டை அழுத்துவதால் கீழ் மூட்டை நூலளவு தரைக்குள் போகிறது, எஞ்சின் அதை வெளியே தள்ளுகிறது, அது மேலே உள்ளதை இடிக்கிறது, இது ஓயவே ஓயாது. நான் இரண்டு வாரமாக எண்களை மாற்றி மாற்றிப் போட்டு மண்டை காய்ந்துபோனேன். நசீர் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். "ஏம்மா கலை, சும்மா இருக்குற மூட்டைய எதுக்குக் கணக்கெடுக்குற? அசையாம இருந்தா தூங்க வச்சுரு. யாராச்சும் வந்து இடிச்சா எழுப்பிக்கலாம்" என்றார். அப்படித்தான் எல்லா எஞ்சினிலும் செய்கிறார்கள் என்பது பிறகு படித்துத் தெரிந்தது. விளையாட்டு விற்கவில்லை. ஆனால் மூட்டைகள் தூங்கின.

நசீர் சார் எங்கள் தலைவர். லப்பைக்குடிகாட்டுக்காரர். ஒல்லியான உடம்பு, எப்போதும் முழுக்கை வெள்ளைச் சட்டை. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாராவது ஒரு குறையைக் கண்டுபிடித்துக்கொண்டு ஓடிவந்தால் முதலில் "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். குறை வந்ததற்கு நன்றி சொல்கிற ஆளை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. "நம்ம கண்ணுல பட்டுச்சே, அதுக்கு" என்பார். அவருக்கென்று ஒரு முறை இருந்தது. குறை தெரிந்ததும் யாரும் கீபோர்டில் கை வைக்கக் கூடாது. முதலில் அதே குறையைத் திரும்ப வரவழைத்துக் காட்ட வேண்டும். வந்ததா? இப்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டும். மறுபடி ஓட்ட வேண்டும். இரண்டு விஷயங்களை ஒன்றாக மாற்றிவிட்டு "சரியாப் போச்சு சார்" என்று போய் நின்றால், "எது சரியாக்குச்சு?" என்று கேட்பார். பதில் தெரியாமல் விழித்தால் பழையபடி மாற்றச் சொல்லிவிடுவார். சரியான வேலையைப் போய்ப் பழுதாக்கி வைக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கு என் சமையலறை மிக்சி நின்றுபோனாலும் நான் அந்த முறையில்தான் பார்க்கிறேன்.

விளையாட்டுகள் சோறு போடாததால் கம்பெனி பயிற்சி இயந்திரங்கள் பக்கம் திரும்பியது. அரியலூர் பக்கம் பூமிக்கு அடியில் எங்கும் சுண்ணாம்புக்கல். ரெட்டிபாளையம் பஸ்ஸில் போனால் ஜன்னல் கம்பியில்கூட வெள்ளைப் பொடி படிந்திருக்கும். அந்தச் சுற்றுவட்டாரத்துச் சுரங்கம் ஒன்றில் டம்பர் ஓட்டக் கற்றுக்கொடுக்க இயந்திரம் கேட்டார்கள். டம்பர் என்றால் வீட்டைவிட உயரமான லாரி. ஓட்டுநர் அறை இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வலது பக்கம் முழுக்க மறைவு. புதுசாக வருகிறவரை நேராக அதில் ஏற்றிவிட முடியாது. அதனால் சீட்டு, ஸ்டீயரிங், பெடல், எதிரே பெரிய திரைகள் எல்லாம் வைத்து, நிஜ ஓட்டுநர் அறை போலவே ஒரு கூண்டு செய்தோம். உள்ளே ஓடுவது வெங்காய லாரியில் ஓடிய அதே எஞ்சின்தான், கொஞ்சம் வளர்ந்திருந்தது.

எலுமிச்சம்பழம் வந்தது அங்கேதான். கூண்டை இறக்கிய அன்று பழைய ஓட்டுநர்கள் பூஜை போட்டார்கள். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் எடுக்க மாட்டார்கள். ஆனால் கூண்டு இருந்த இடத்தை விட்டு நகராதே, பழம் எப்படி நசுங்கும்? அவர்களில் மூத்தவர் ஒருவர் தயங்கித் தயங்கி நசீர் சாரிடம் கேட்டார்: "சார், தப்பா நெனைக்காதீங்க. உள்ள ஓடுற வண்டிக்கு உள்ளயே ஒரு பழம் வச்சுட முடியுங்களா?" ஐந்து வேளை தொழுகிற மனிதர், ஒரு நொடிகூட யோசிக்காமல் "வச்சுடுவோம்" என்றார்.

வைத்ததன் பலனைத்தான் முதலிலேயே சொன்னேன். எங்கள் எஞ்சினுக்கு நசுங்குவது என்றால் என்னவென்று தெரியாது. அதன் உலகத்தில் எல்லாமே கல் மாதிரி கெட்டி. அறுபது டன் மேலே, தரை கீழே, நடுவில் எடையே இல்லாத ஒரு உருண்டை. சக்கரம் பழத்துக்குள் போயிருக்கிறது என்று கண்டதும் எஞ்சின் பதறிப்போய் இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி வெளியே தள்ளியது. வண்டி பறந்தது. ஒரே ஒரு மாற்றம், மறுபடி ஓட்டம் என்று நாங்கள் பழத்தோடு மல்லுக்கட்டினோம். கடைசியில் நசீர் சார்தான் முடித்து வைத்தார். "பழத்துக்கு எடையே வேணாம். சக்கரம் தொட்டதும் சாறு வந்தா போதும்." பழத்தை வெறும் படமாக்கினோம். சக்கரம் தொட்டதும் நசுங்கிய படம் வரும், மஞ்சளாகக் கொஞ்சம் சாறு தெறிக்கும். பழைய ஓட்டுநர்கள் கைதட்டினார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

இயந்திரம் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச காலம் கழித்து, சுரங்கத்தின் பயிற்சி அதிகாரி குணசேகரன் போன் செய்தார். "மேடம், மீன்சுருட்டிலேருந்து ஒரு பொண்ணு வந்திருக்கு. அஞ்சலைன்னு பேரு. டிராக்டர், ஜேசிபி எல்லாம் ஓட்டுன பொண்ணுதான். ஆனா மெஷின்ல ஒவ்வொரு தடவையும் வண்டிய கவுத்துடுது. வெள்ளிக்கெழம கடைசி டெஸ்ட். அதுலயும் போச்சுன்னா பேர எடுத்துட வேண்டியதுதான். மெஷின் நல்லாத்தான் இருக்குன்னு நீங்க ஒரு லெட்டர் மட்டும் குடுத்துடுங்க" என்றார். லெட்டர் எழுதுவது ஐந்து நிமிட வேலை. நசீர் சாரிடம் சொன்னேன். "எழுதலாம். பாத்துட்டு எழுதலாம்" என்றார்.

வியாழக்கிழமை காலையில் அரியலூருக்குப் போனேன். அஞ்சலை பயிற்சிக் கூடத்தின் வாசலில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். பரம்பரையாகக் கூலி வேலைக்குப் போன குடும்பம். கரும்பு வெட்டப் போன இடத்தில் டிராக்டர் ஓட்டப் பழகி, அதிலிருந்து ஜேசிபிக்குப் போயிருக்கிறாள். சுரங்க வேலை கிடைத்தால் மாதச் சம்பளம், பி.எஃப்., பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். வீட்டில் எல்லோரும் அந்த ஹெல்மெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மேடம், மெஷின் தப்புன்னு நான் சொல்லல. எனக்கு ராசி இல்லன்னு இங்க பேசிக்கிறாங்க. அதத்தான் தாங்க முடியல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

கவிழ்ந்தது எல்லாம் ஒரே இடத்தில். கழிவுக் கல்லைக் கொட்டும் மேட்டுக்கு டம்பரைப் பின்னால் எடுத்துப் போக வேண்டும். விளிம்பில் மண்ணைக் குவித்து ஒரு தடுப்பு மேடு போட்டிருக்கும். பின்சக்கரம் அதில் மெல்லச் சாய்ந்ததும் நிறுத்திக் கொட்ட வேண்டும். மற்றவர்களுக்கு நின்றது. அஞ்சலைக்கு மட்டும் சக்கரம் மேட்டைத் தொட்டதும் வண்டி துள்ளி, மேட்டைத் தாண்டி, பள்ளத்தில் போய் விழுந்தது. திரை சிவப்பாகும். முடிந்தது.

நசீர் சார் முறைப்படி முதலில் குறையை வரவழைக்க வேண்டும். அவள் ஓட்டியபோது ஸ்டீயரிங்கும் பெடலும் அசைந்ததெல்லாம் இயந்திரத்தில் பதிவாகி இருக்கும். அதைத் திரும்ப ஓடவிட்டேன். அதே கை, அதே கால், அதே வேகம். டம்பர் அழகாகப் பின்னால் போய், மேட்டில் சாய்ந்து நின்றது. மறுபடி ஓட்டினேன். நின்றது. அவளை உட்காரச் சொன்னேன். கவிழ்ந்தது. குணசேகரன் தோளைக் குலுக்கினார். "பாத்தீங்களா மேடம், நான் என்ன சொல்றது? அந்தப் பொண்ணு உக்காந்தாத்தான் கவுருது." இயற்பியல் படித்தவள் நான், அஞ்சலை சொன்ன ராசி என்ற வார்த்தை என் மண்டைக்குள்ளும் ஒருமுறை சுற்றி வந்தது.

திருச்சிக்குப் போன் போட்டேன். "திரைய பாக்காத கலை. திரைய எல்லாரும் பாத்துட்டாங்க. அந்தம்மாவப் பாரு" என்றார் நசீர் சார்.

கூண்டுக்குள் அவளுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு, திரைக்கு முதுகைக் காட்டி, அவள் முகத்தை மட்டும் பார்த்தேன். பின்னால் எடுக்க ஆரம்பித்ததும் அவள் தலை இடப்பக்கம் திரும்பியது. உடனே வலப்பக்கம். திரும்ப இடம், திரும்ப வலம். விடாமல், அவசரமில்லாமல். மற்ற யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்துவிடுவார்கள்.

இங்கே கிராபிக்ஸ் கார்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படத்தை வரைவது அதன் வேலை. அதற்குள் சின்னச் சின்னதாக ஆயிரக்கணக்கான வேலையாட்கள். எங்கள் ஊர்க் களத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெங்காயத்துக்குத் தாள் அறுப்பார்கள். பக்கத்தில் இருப்பவள் முடிக்கட்டும் என்று யாரும் யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கார்டும் அப்படித்தான், ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாக ஒரே சமயத்தில் முடித்துவிடும். ஆனால் வெங்காயம் மலைபோல் வந்தால் அவர்களும் திணறுவார்கள். எங்கள் இயந்திரத்தில் திணற வைத்தது தூசி. கொட்டுமிடத்தில் எழும் புழுதியில் ஒவ்வொரு பொடியையும் வரைய வேண்டும். பக்கக் கண்ணாடிகளிலும் அதே புழுதி தெரிய வேண்டும், அதாவது அதே காட்சியை இன்னொரு கோணத்தில் மறுபடி வரைய வேண்டும். பாரத்தைக் குறைக்க நாங்கள் ஒரு தந்திரம் செய்திருந்தோம். ஹெல்மெட்டில் ஒரு சென்சார் வைத்து, ஓட்டுபவர் எந்தக் கண்ணாடிப் பக்கம் தலையைத் திருப்புகிறாரோ அதை மட்டும் வரைந்து, கொஞ்ச நேரம் வைத்திருப்போம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால் இரண்டையும் வரைந்துகொண்டே இருக்க வேண்டும். சுரங்கத்தில் வைத்திருந்தது சின்னக் கார்டு. அதன் காற்றாடியில் வேறு சுண்ணாம்புப் பொடி அப்பியிருந்தது.

கார்டு திணறினால் படம்தானே விட்டு விட்டு வரும், வண்டி ஏன் கவிழ வேண்டும்? அங்கேதான் ஒரு பழைய ஒட்டு, அதாவது அவசரத்துக்கு ஒட்டிவைத்த ஒரு வரி புரோகிராம், இருந்தது. நேரத்தைப் பொடியாக நறுக்குவதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? படம் தாமதமானால், தவறிப்போன நேரத்தைப் பல சின்னத் துண்டுகளாகவே கணக்குப் போட்டுப் பிடிக்க வேண்டும். எப்போதோ ஒரு கண்காட்சியில் இயந்திரம் உறைந்துபோகாமல் இருக்க வேண்டும் என்று, தாமதமானால் எல்லாவற்றையும் ஒரே பெரிய துண்டாகத் தாண்டிவிடு என்று எங்கள் ஆபீசில் எழுதிப் போட்டார்கள். கண்காட்சி முடிந்தும் அது அப்படியே இருந்துவிட்டது. மண் மேட்டை மட்டும் நாங்கள் வில்சுருள் மாதிரி எழுதியிருந்தோம். சக்கரம் எவ்வளவு அழுந்துகிறதோ அவ்வளவு திருப்பித் தள்ளும். துண்டு சின்னதாக இருந்தால் மெத்தென்று தாங்கும். துண்டு பெரிதானால், சக்கரம் ஆழமாக உள்ளே போன பிறகுதான் கணக்கு விழித்துக்கொள்ளும். தாமதமாகக் கண்டுபிடித்த தப்புக்கு அளவுக்கு மீறிக் கோபப்படுகிற ஆள் மாதிரி, மொத்த பலத்தோடும் தூக்கி எறியும். எலுமிச்சம்பழத்தின் கதையேதான்.

நினைத்தால் போதாது, காட்ட வேண்டும். பதிவில் கையும் காலும் இருந்தன, தலை இல்லை. அதனால்தான் ரீப்ளேயில் வண்டி நின்றது. அஞ்சலையை இறங்கச் சொன்னேன். குணசேகரனை வாசலில் நிறுத்தினேன். காலி சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ரீப்ளேயை ஓடவிட்டு, அவள் ஹெல்மெட்டை என் இரண்டு கையாலும் தலை இருக்கும் உயரத்தில் பிடித்து, இடமும் வலமுமாகத் திருப்பினேன். சாமியாடிபோல் இருந்திருப்பேன். டம்பர் பின்னால் போனது, மேட்டைத் தொட்டது, துள்ளியது, பள்ளத்தில் விழுந்தது. சீட்டில் யாரும் இல்லை. திரை சிவப்பாக இருந்தது. அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள்.

குணசேகரன் கெட்டவர் இல்லை. மேலிடத்துக்கு டெஸ்ட் முடிவை அனுப்ப வேண்டிய அவசரம் அவருக்கு இருந்தது. "சரி, புரிஞ்சுடுச்சு. அப்ப நாளைக்கு ஒரு கண்ணாடிய மட்டும் பாத்து ஓட்டிடும்மா. பாஸாயிடும். மெஷின அப்புறமா சரி பண்ணிக்கலாம்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. பொழுது போய்க்கொண்டிருந்தது. இவள் வேலையில் சேர்ந்தால் போதும் என்று இருந்தது.

அஞ்சலை தலையைக் குனிந்தபடி, "அது மட்டும் முடியாதுங்க சார்" என்றாள். "கரும்புக் கொல்லையில டிரெய்லர் நெழல்லதாங்க ஆளுங்க உக்காந்து சோறு திம்பாங்க. வெயிலுக்கு வேற எடம் ஏது? எங்கம்மாவும் அங்கதான் உக்காரும். ரெண்டு பக்கமும் பாக்காம வண்டிய பின்னாடி எடுக்க எனக்குக் கழுத்து வராதுங்க. இங்க ஒரு பக்கம் பாக்கப் பழகிட்டேன்னா, நெஜ வண்டிலயும் அப்படித்தானே வரும்?"

வெளியே போய் நசீர் சாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "ரெண்டு பக்கமும் பாக்குற ஆளப் பாக்காதேன்னு சொல்லிக் குடுக்குற வண்டிய வித்திருக்கோம், கலை" என்றார். "அந்த ஒட்ட எடுத்துரு. சின்னத் துண்டுதான், எப்பவும். தூசி தடுமாறினா தடுமாறட்டும், சக்கரம் தடுமாறக் கூடாது. நான் பஸ் ஏறுறேன்."

சாயங்காலம் அவர் வந்து இறங்குவதற்குள் ஒட்டை எடுத்துவிட்டேன். ஒரே ஒரு மாற்றம். காலி சீட்டு, கையில் ஹெல்மெட், மறுபடி ஓட்டம். புழுதி எழுந்ததும் படம் திக்கித் திக்கி வந்தது. சக்கரம் மேட்டில் சாய்ந்து நின்றது. நசீர் சார் பார்த்துவிட்டு நேராகக் குணசேகரனிடம் போனார். உட்காரக்கூட இல்லை. "சார், அந்த ஒட்டப் போட அனுமதி குடுத்தது நான். ஓட்டுனவங்க மேல தப்பில்ல, நாங்க செஞ்சு குடுத்த ஒலகந்தான் தப்பு. இதே எடத்துல இதுக்கு முன்னாடி கவுத்தவங்க யாராச்சும் இருந்தா அவங்களையும் திரும்பக் கூப்பிடணும். எங்க செலவுல புது கார்டு போட்டுத் தர்றோம்" என்றார். கம்பெனி அப்போது இருந்த நிலைமை எனக்குத் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பெருமையில்.

மறுநாள் டெஸ்டில் படம் விட்டு விட்டுத்தான் வந்தது. அஞ்சலை பாதி வழியில் நிறுத்தி, புழுதி அடங்கும்வரை காத்திருந்து, இரண்டு பக்கமும் பார்த்து, மேட்டில் சாய்த்து நிறுத்தினாள். பாஸ். அதற்கு முன்னால் பேர் எடுக்கப்பட்ட இன்னொரு ஆளையும் கூப்பிட்டார்கள். அரும்பாவூர்க்காரர், அவரும் தேறினார். அவரும் இரண்டு பக்கம் பார்க்கிறவர்தான்.

நான் ஓய்வு பெற்ற வருடம் சுரங்கத்துக்குப் புது டம்பர் வந்தது. முதலில் எடுக்கப் போவது அஞ்சலை. பூஜைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாள். வாழ்நாளெல்லாம் டம்பரைக் கணக்குப் போட்டவள், ஒருநாள்கூட அதில் ஏறியதில்லை. குணசேகரன் இப்போது பெரிய அதிகாரி. அவரே அனுமதி வாங்கி, ஹெல்மெட்டும் பச்சைச் சட்டையும் மாட்டி, அஞ்சலைக்குப் பக்கத்துச் சீட்டில் என்னை ஏற்றிவிட்டார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி உறுமிக்கொண்டு முன்னால் நகர்ந்தபோது, சொன்னால் சிரிப்பீர்கள், நான் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன்.

"நசுங்கிடுச்சு மேடம். கண்ணத் தொறங்க" என்றாள் அஞ்சலை.

உடனே நசீர் சாருக்குப் போன் போட்டேன். அவர் இப்போது லப்பைக்குடிகாட்டில் பேரப் பிள்ளைகளோடு இருக்கிறார். "சார், பழம் நசுங்குச்சு" என்றேன். "சாறு வந்துச்சா?" என்று கேட்டார். அந்த மனிதருக்குக் கீழே வேலை பார்க்கக் கொடுத்து வைத்ததற்கு நான் எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவருடைய சாமிக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டேன்.

போனை வைத்ததும் வண்டியைப் பின்னால் எடுத்துக் கொட்டகை ஓரமாக நிறுத்த வேண்டியிருந்தது. பூஜைக் கூட்டம் கலைந்துவிட்டது. அஞ்சலை மூன்று தடவை ஹாரன் அடித்தாள். இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். கியரில் வைத்த கையை எடுத்துவிட்டாள். அவள் பார்த்த கண்ணாடியை நானும் எட்டிப் பார்த்தேன். மறைவுப் பக்கத்தில், பின்சக்கரத்தின் நிழலில், மாலை கட்டிக் கொண்டுவந்த வயதான அம்மா ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்து, பூஜை மேளத்தில் காது அடைத்து ஹாரன்கூடக் கேட்காமல், பொட்டலத்தைப் பிரித்துச் சுண்டல் தின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்கு ஒரு கண்ணாடி போதும் என்று இவளுக்குப் பழக்கிவிட்டிருந்தால்? இறங்கிப் போய் அந்த அம்மாவை எழுந்திருக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

அஞ்சலை எஞ்சினை அணைத்தாள். "பக்கத்துல நிக்க ஆள் அனுப்புறேன் மேடம், நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடி அந்தக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். "சாப்புட்டே எந்திரிக்கட்டும். நமக்கு என்ன அவசரம்?"